செந்நாய்ச் சபையின் முதல் வரிசை

ஒரு காட்டில் ஓர் ஆறு ஓடியது. இந்தக் கரையில் புள்ளிமான்கள் இருந்தன. அந்தக் கரையில் செந்நாய்கள் இருந்தன. செந்நாயை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், பிள்ளைகளே, பார்க்காததே நல்லது. அது நம் தெருநாய் மாதிரி குரைக்காது. சீழ்க்கை அடிக்கும். ஒன்று இங்கே அடிக்கும், இன்னொன்று தூரத்திலிருந்து பதில் அடிக்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் பாடு அவ்வளவுதான்.

மான் கூட்டத்தில் கோணக்கொம்பன் என்று ஓர் ஆண்மான் இருந்தது. அதன் இடது கொம்பு நேராக வளர்ந்தது, வலது கொம்பு காதுப் பக்கமாக வளைந்து போனது. குட்டிகள்கூட அதைப் பார்த்துச் சிரிக்கும். தண்ணீர்த் துறையில் மற்ற மான்கள் எல்லாம் குடித்துக் கலக்கிவிட்டுப் போன பிறகுதான் அதன் முறை வரும்.

"சேறானால் என்ன, தண்ணீர்தானே. குடியுங்கள்" என்று அதன் மனைவி மாதுளி சொல்லும்.

கோணக்கொம்பன் குடிக்கும். ஆனால் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும். "வாருங்கள், உட்காருங்கள்" என்று தன்னிடம் ஒருவராவது சொல்ல மாட்டார்களா என்பதுதான் அதன் ஏக்கம். மற்றபடி நல்ல மான். மனைவியிடமும் குட்டியிடமும் உயிரையே வைத்திருந்தது.

ஒரு மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் வந்தது. வெள்ளம் ஒரு செந்நாயை அடித்துக்கொண்டு வந்து, இந்தக் கரை மூங்கில் புதரில் சொருகிவிட்டுப் போனது. அதன் முன்கால் பிசகியிருந்தது. எழுந்திருக்க முடியவில்லை.

"மிதித்தே கொன்றுவிடலாம்" என்றன மான்கள்.

கோணக்கொம்பன் குறுக்கே வந்து நின்றது. "அடிபட்டுக் கிடப்பவனை மிதிப்பதில் என்ன வீரம் இருக்கிறது? போங்கள்."

மூன்று நாள் அது அந்தச் செந்நாய்க்குக் காவல் இருந்தது. வெள்ளம் வடிந்ததும் ஆழமில்லாத இடத்தைக் காட்டி அனுப்பி வைத்தது. அந்தச் செந்நாயின் பெயர் மெல்லடியான். அது நன்றி ஒன்றும் சொல்லவில்லை. கோணக்கொம்பனின் முகத்தை மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிப் போனது.

எட்டாம் நாள், நல்ல உச்சிவெயில் நேரம். மரத்தின் மேலிருந்து கருமுகன் என்ற குரங்கு "கக், கக்" என்று கத்தியது. கருமுகனின் வேலையே அதுதான். உயரத்தில் உட்கார்ந்து இலை தின்னும், கீழே இரண்டு இலையை மான்களுக்கு உதிர்க்கும், ஆபத்து வந்தால் கத்தும். அது கத்தினால் மான்கள் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஓடிவிடும். அன்றும் ஓடின. கோணக்கொம்பன் மட்டும் நின்றது. வந்தது மெல்லடியான். அதன் பின்னால் இன்னும் இரண்டு செந்நாய்கள் இருந்தன. மூன்றும் தலையைத் தாழ்த்தி நின்றன.

"ஐயா, எங்கள் தலைவி செவ்வாய்ச்சி உங்களைச் சபைக்கு அழைக்கிறார்" என்றது மெல்லடியான்.

ஐயா. பிறந்ததிலிருந்து கோணக்கொம்பனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதற்குத் தலைகால் புரியவில்லை. பயமும் இருந்தது, இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கால்கள் ஏற்கெனவே ஆற்றுக்குள் இறங்கிவிட்டன.

அக்கரையில் ஒரு பெரிய கரும்பாறை. அதன்மேல் நாற்பது செந்நாய்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றும் பேசவில்லை, வாலைக்கூட அசைக்கவில்லை. அந்தக் கரையில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை என்பதைக் கோணக்கொம்பன் அப்போதுதான் கவனித்தது. முதல் வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே பசும்புல் பரப்பி வைத்திருந்தார்கள். புல் தின்னாதவர்கள் யாரோ பொறுமையாகப் பல்லால் கடித்துக் கொண்டுவந்து பரப்பிய புல்.

"இது உங்கள் இடம். உட்காருங்கள்" என்றது செவ்வாய்ச்சி. அதன் குரல் மெதுவாகவும் கனிவாகவும் இருந்தது. வாயைச் சுற்றி ரோமம் சிவந்து போயிருந்தது. ஏன் சிவந்தது என்று கோணக்கொம்பன் யோசிக்கவில்லை.

செவ்வாய்ச்சி தீர்மானத்தைச் சொன்னது. "கோணக்கொம்பன் நம் இனத்தவனைக் காப்பாற்றினார். ஆகவே இன்றுமுதல் இவர் மான்களிடையே நம் நண்பர். நம்மவர் அக்கரைக்குப் போனால் இவரிடம் தங்குவார்கள். இவர் நமக்காக மான்களிடம் பேசுவார். அதற்கு மரியாதையாக, இவருக்குச் சபையில் முதல் வரிசை. நம் ஊற்றில் முதல் தண்ணீர். நிலத்திலும் நீரிலும், சண்டையிலும் சமாதானத்திலும், நம் பல் இவர்மேல் படாது."

"என் மனைவி? என் குட்டி?" என்று கேட்டது கோணக்கொம்பன்.

"உங்கள் வீட்டாருக்கும் இதே காவல். நாங்கள் சொன்ன சொல்லை மீறியதே கிடையாது, ஐயா."

அது உண்மைதான். செந்நாய்கள் பொய் சொன்னதாக அந்தக் காட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

பிறகு கோணக்கொம்பன் புல்லைத் தின்றது. அது மென்று முடிக்கும்வரை நாற்பது ஜோடிக் கண்கள் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. ஊற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு பொட்டுச் சேறு இல்லை. குடித்துவிட்டுக் கோணக்கொம்பன் அழுதேவிட்டது.

அதன் பிறகு விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை, சில சமயம் தினமும். கோணக்கொம்பன் துறைக்கே போய் அழைத்து வரும். நிழலான இடத்தில் உட்கார வைக்கும். மாதுளி குட்டியைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு தள்ளி நிற்கும்.

"ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கோணக்கொம்பன் ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டது.

"நண்பர் வீட்டில் நாங்கள் உண்பதில்லை, ஐயா" என்றது மெல்லடியான்.

அவர்கள் உண்ணவில்லை, உறங்கவில்லை, உரக்கப் பேசவும் இல்லை. உட்கார்ந்து மான்களைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். நடுநடுவே மரியாதையாக ஏதாவது விசாரித்தார்கள். அந்தப் பெரியம்மா ஏன் நொண்டுகிறார்? அந்தக் கிழவருக்குக் காது கேட்காதோ? குட்டிகள் எந்தப் பக்கம் படுக்கும்? விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லையே. கோணக்கொம்பன் ஒன்று விடாமல் சொன்னது.

ஒருநாள் மெல்லடியான் தயங்கித் தயங்கிச் சொன்னது. "ஐயா, நாங்கள் வரும்போதெல்லாம் அந்தக் குரங்கு கத்துகிறது. எல்லோரும் எங்களைப் பார்த்து ஓடுகிறார்கள். உங்களோடு வரும்போதே இப்படி என்றால், அது உங்களுக்குத்தானே அவமானம்?"

கோணக்கொம்பனின் முகம் கறுத்தது. நேராக மரத்தடிக்குப் போனது.

"கருமுகா, என் விருந்தாளிகள் வரும்போது கத்தாதே."

"நான் விருந்தாளியைப் பார்த்தா கத்துகிறேன்? பல்லைப் பார்த்துக் கத்துகிறேன்" என்றது கருமுகன்.

"என்னோடு வருகிறவர்கள் யாரையும் தொட மாட்டார்கள். இதுவரை தொட்டார்களா?"

"இதுவரை நான் கத்தினேன்."

"உனக்குப் பொறாமை. எனக்கு ஒரு மரியாதை வந்தது உனக்குப் பொறுக்கவில்லை."

கருமுகன் வாலைச் சுருட்டிக்கொண்டது. "கத்தாத இடத்தில் எனக்கு என்ன வேலை?" என்று கேட்டுவிட்டு, மரத்துக்கு மரம் தாவிக் கிழக்கே போய்விட்டது. அன்றிலிருந்து இந்தக் கரையும் அக்கரை மாதிரியே அமைதியாகிவிட்டது. இலை விழுந்தால் கேட்கும்.

மான்கள் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டன. செந்நாய் வாடை வந்தால், "கோணக்கொம்பனின் விருந்தாளியாக இருக்கும்" என்று மேய்ச்சலைத் தொடர்ந்தன. தலையைத் தூக்கிப் பார்ப்பதுகூடக் குறைந்துபோனது. இப்போதெல்லாம் துறையில் கோணக்கொம்பனுக்கு வழிவிட்டார்கள். குட்டிகள் சிரிப்பதில்லை.

ஒருநாள் காலை நொண்டிப் பெரியம்மாவைக் காணவில்லை. தேடினார்கள். ஈர மண்ணில் அதன் குளம்புத் தடம் பத்தடி தூரம் போனது. அதற்கப்புறம் எதுவும் இல்லை.

கோணக்கொம்பன் பதறிப்போய் அக்கரைக்கு ஓடியது. செவ்வாய்ச்சி எழுந்து நின்று வரவேற்றது.

"உங்கள் விருந்தாளியாக வந்தவர்கள் யாரும் இதைச் செய்யவில்லை, ஐயா. சத்தியம். உங்கள் மனம் நொந்திருக்கிறது, தெரிகிறது. இனி எங்கள் தெற்குப் புல்வெளி முழுவதும் உங்களுக்கு மேய்ச்சல்."

அதுவும் பொய் இல்லை. அதைச் செய்தவர்கள் விருந்தாளியாக வரவில்லை. நேராக வந்து, நேராகப் போனார்கள்.

அடுத்து காது கேளாத கிழ மான் போனது. கோணக்கொம்பனைச் சபைக்கு அழைத்துப் போகவும் வரவும் இரண்டு செந்நாய்களைத் துணைக்கு அமர்த்தினார்கள். பிறகு ஒரே வாரத்தில் மூன்று குட்டிகள். சபையில் கோணக்கொம்பன் நுழையும்போது அதன் பெயரைச் சொல்லி எல்லோரும் எழுந்து நிற்பது என்று தீர்மானம் ஆனது.

கோணக்கொம்பன் வருந்தவில்லை என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் வருந்தியது. ஒவ்வொரு முறையும் செவ்வாய்ச்சியின் கனிவான குரலைக் கேட்டதும் அந்த வருத்தம் ஆறிப்போனது. மரியாதைக்கு ஏங்கிக் கிடந்தவருக்கு அது கிடைத்துவிட்டால், அதை விட்டுவிட்டு யோசிக்க முடிவதில்லை.

மாதுளிதான் யோசித்தது.

"உங்களுக்கு ஒவ்வொரு மரியாதை வரும்போதும் நம்மில் ஒருவர் குறைகிறாரே, கவனித்தீர்களா?"

"நமக்கு ஒன்றும் ஆகாது. நமக்குக் காவல் இருக்கிறது."

"நமக்கு இருக்கிறது" என்றது மாதுளி. குட்டியின் முதுகை நக்கிக்கொண்டே இருந்தது. குட்டியோடு விளையாட இப்போது வேறு குட்டிகள் வருவதே இல்லை.

கொஞ்ச நாள் கழித்துக் கோணக்கொம்பன் பூரிப்போடு வந்தது. "நாளைக்குப் பெரிய சபை. அக்கரையில் நாற்பது பேரும் வந்தாக வேண்டும், ஒருவர்கூட வெளியே இருக்கக் கூடாது. காலையிலிருந்து மாலைவரை நடக்கும். எனக்கு மரக்கொடியில் ஒரு மாலை போடப் போகிறார்கள்."

"காலையிலிருந்து மாலைவரையா?" என்று கேட்டது மாதுளி.

"ஆமாம்."

"ஒருவர்கூட வெளியே இருக்க மாட்டார்களா?"

"அதுதான் சொல்கிறேனே. எனக்காக."

மறுநாள் விடிந்தது. கோணக்கொம்பன் கொம்பை மரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தது. மாதுளி குட்டியோடு பக்கத்தில் வந்து நின்றது.

"நாங்கள் கிளம்புகிறோம்" என்றது. "எல்லோரும். ஓடைத் தண்ணீருக்குள்ளேயே நடந்து கிழக்கே போகிறோம். தடமும் இருக்காது, வாடையும் இருக்காது. மூன்றாவது மேட்டுக்கு அந்தப் பக்கம் ஈச்சமரப் பள்ளம் இருக்கிறது. கருமுகன் அங்கேதான் இருக்கிறதாம். இதை உங்களிடம் சொல்லவே கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள்."

கோணக்கொம்பன் கொம்பைத் தேய்ப்பதை நிறுத்தியது. "பிறகு ஏன் சொல்கிறாய்?"

"நீங்கள் என் புருஷன். அதனால் சொல்கிறேன். வாருங்கள், போகலாம்."

"உனக்கும் குட்டிக்கும்தான் காவல் இருக்கிறதே, மாதுளி. நீங்கள் ஏன் போக வேண்டும்?"

"இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் யாரோடு மேய்வது?"

கோணக்கொம்பன் ஆற்றைப் பார்த்தது. துணைக்கு வரும் இரண்டு செந்நாய்களும் அக்கரையில் தயாராக உட்கார்ந்திருந்தன. "என் இடம் காலியாக இருந்தால் அவர்களுக்குச் சந்தேகம் வரும்" என்றது. "நான் போய் முகத்தைக் காட்டிவிட்டு, மாலையில் உங்களோடு வந்து சேர்ந்துகொள்கிறேன்."

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. மீதி மரக்கொடி மாலை. மாதுளிக்கு இரண்டும் தெரியும். அது கணவனின் கோணல் கொம்பைத் தன் மூக்கால் ஒருமுறை தொட்டுவிட்டுப் போனது. குட்டி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

சபை கூடியது. கோணக்கொம்பன் நுழைந்ததும் நாற்பது பேரும் எழுந்தார்கள், பெயரைச் சொன்னார்கள், உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் பசும்புல் பரப்பியிருந்தது. அதன்மேல் உட்கார்ந்தபோதுதான் கோணக்கொம்பனுக்கு ஒன்று உறைத்தது. முதல் வரிசையில் இருப்பவருக்கு மற்ற எல்லோரும் பின்னால்தான் இருக்கிறார்கள். இத்தனை நாள் அது தோன்றவே இல்லை. கழுத்துக்குப் பின்னால் அவர்கள் மூச்சு விடுவது கேட்டது.

உச்சிவேளை ஆனது. ஆற்றுப் பக்கமிருந்து காற்று திரும்பி வீசியது. செவ்வாய்ச்சி பேச்சை நிறுத்தியது. மூக்கைத் தூக்கியது. அதைப் பார்த்து மற்றவர்களும் மூக்கைத் தூக்கினார்கள்.

"ஐயா" என்றது செவ்வாய்ச்சி, அதே கனிவோடு. "தினமும் இந்த நேரத்தில் காற்று அக்கரையிலிருந்து வரும். நூறு மானின் வாசனையைக் கொண்டுவரும். இன்றைக்கு ஒரே ஒரு மானின் வாசனைதான் வருகிறது. அதுவும் முதல் வரிசையிலிருந்து."

கோணக்கொம்பன் ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"எங்கள் தீர்மானம் உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் மான்களிடையே எங்கள் நண்பர். மான்கள் எங்கே?"

"எங்கோ மேயப் போயிருப்பார்கள்."

"மான்கள் இல்லாத இடத்தில் மான்களிடையே நண்பர் என்று ஒருவர் எப்படி இருக்க முடியும், ஐயா? எங்களுக்காக யாரிடம் பேசுவீர்கள்? எங்கள் ஆட்களை எந்தக் கூட்டத்துக்குள் அழைத்துப் போவீர்கள்?"

இத்தனை நாள் தன் கோணல் கொம்புக்கு அவர்கள் எழுந்து நின்றதாகக் கோணக்கொம்பன் நினைத்திருந்தது. அவர்கள் எழுந்து நின்றது தன் பின்னால் இருந்த நூறு மான்களுக்கு. இப்போது புரிந்தது. புரிந்தபோது வெட்கத்தில் அதன் காது இரண்டும் தொங்கிப்போயின.

செவ்வாய்ச்சி எழுந்து பக்கத்தில் வந்தது. காதோரம் குனிந்து பேசியது. "எங்கே போனார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். போதும். நீங்கள் மறுபடியும் எங்கள் நண்பர். இந்த இடம், அந்த ஊற்று, புல்வெளி எல்லாம் உங்களுடையதாகவே இருக்கும். உங்கள் மனைவிக்கும் குட்டிக்கும் காவல் இருக்கும். எங்கள் சொல் மாறாது."

மாறாது. அது கோணக்கொம்பனுக்குத் தெரியும். மூன்றாவது மேடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தானும் பிழைக்கும், மாதுளியும் பிழைக்கும், குட்டியும் பிழைக்கும். அந்தக் குட்டி யாரோடு விளையாடும்? மாதுளி யாரோடு மேயும்? கீழே பரப்பியிருந்த புல்லிலிருந்து நல்ல வாசனை வந்தது.

"எனக்குத் தெரியாது" என்றது கோணக்கொம்பன்.

"உங்களுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, ஐயா."

"இனிப் பழகிக்கொள்கிறேன்."

செவ்வாய்ச்சி கோபப்படவில்லை. தலையை மட்டும் அசைத்தது. "சரி. கொடுத்த மரியாதையைத் திரும்ப எடுப்பதையும் நாங்கள் முறைப்படிதான் செய்வோம். கடைசி வரிசையிலிருந்து ஒவ்வொருவராகச் சீழ்க்கை அடித்துச் சம்மதம் சொல்வார்கள். நாற்பதாவது சீழ்க்கை என்னுடையது. அதுவரை நீங்கள் எங்கள் நண்பர்தான். உங்கள்மேல் பல் படாது. எழுந்து போகலாம்."

கோணக்கொம்பன் எழுந்தது. செந்நாய்கள் ஒதுங்கி வழிவிட்டன. சில தலையைக்கூடத் தாழ்த்தின. பின்னால் முதல் சீழ்க்கை கேட்டது. பிறகு இரண்டாவது. அவசரமே இல்லாமல், ஒன்று முடிந்து சற்று இடைவெளி விட்டு அடுத்தது.

கிழக்கே ஆறும், ஆற்றுக்கு அப்பால் மூன்று மேடுகளும் இருந்தன. கோணக்கொம்பனின் கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பின. ஓடினால் ஒருவேளை பிழைத்துவிடலாம். ஆனால் பின்னால் வருகிறவர்களுக்கு அதுவே வழிகாட்டி ஆகிவிடும். அது நின்றது. கால்களை வலுக்கட்டாயமாகத் திருப்பி, மேற்கே நடக்க ஆரம்பித்தது. தடம் நன்றாகப் பதியட்டும் என்று ஈர மண்ணாகப் பார்த்து அழுத்தி மிதித்து நடந்தது.

பதினைந்து. பதினாறு. கோணக்கொம்பன் எண்ணிக்கொண்டே நடந்தது. இருபத்தெட்டில் வெட்டவெளி வந்தது. முப்பத்தாறில் முள்காடு தொடங்கியது. இதற்குள் மாதுளி இரண்டாவது மேட்டைத் தாண்டியிருக்கும் என்று அது கணக்குப் போட்டது.

முப்பத்தொன்பது.

பிறகு நாற்பதாவது சீழ்க்கை வந்தது. நீளமாகவும் மெதுவாகவும், கனிவாகவும் வந்தது. கோணக்கொம்பன் மேற்கே பார்த்து ஓடத் தொடங்கியது.

நீதி: தன் கூட்டத்தை விட்டுக்கொடுத்து அயலாரிடம் வாங்கிய மரியாதை, அந்தக் கூட்டம் பின்னால் இருக்கும்வரைதான் நிற்கும்.